நாலு காலில் விழுந்தாலும் அடி அடிதான்

பழவேற்காட்டில் படகு கரைக்கு வரும் நேரம் பூனைகளுக்குத் தெரியும். ஏலம் தொடங்கும் முன்பே, ஐஸ் பெட்டிகள் இறங்கும் முன்பே, கவிழ்த்துப் போட்ட படகுகளின் நிழலில் வந்து உட்கார்ந்துவிடும். மடவையும் இறாலும் நண்டும் கூடைக்குப் போகும். விலைபோகாத பொடி மீன் மணலில் விழும். அது பூனைகளின் பங்கு, அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பதிலுக்கு அவை செய்யும் வேலையும் சின்னதில்லை. சுருட்டி வைத்த வலைக்குள் எலி புகுந்தால் அந்த வீட்டின் பிழைப்பே ஓட்டையாகிவிடும். வலை இருக்கும் வீட்டில் பூனை இருப்பது அதனால்தான்.

ஆண்டிகுப்பம், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த ஊர்களில் ஒரு பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்துவிட முடியும்? கூரையிலிருந்து விழலாம். கரையேற்றிய படகின் அணியத்திலிருந்து விழலாம். நாய் துரத்தித் தென்னையில் ஏறினால், இறங்கத் தெரியாமல் கத்திவிட்டுக் குதிக்கலாம். ஊரில் உயரமானவை என்றால் கலங்கரை விளக்கம், மகிமை மாதா கோயில், பள்ளிவாசல், செல்போன் கோபுரம். அங்கெல்லாம் பூனைக்கு வேலை இல்லை. விழுந்தாலும் கீழே பெரும்பாலும் மணல்தான். ஓலைக்கூரையில் நகம் பதியும், தென்னை மரப்பட்டையில் நகம் பதியும். கால் நழுவினாலும் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் ஓலை வீடுகள் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் எழுந்தன. சம்பாதித்தவர்கள் மேலே ஒரு மாடி எடுத்தார்கள். ஏரியில் மீன்பாடு குறைந்து, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, பிள்ளைகள் மீஞ்சூர், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று வேலை தேடிப் போனார்கள். போன இடத்தில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு, ஐந்தாம் மாடியில் வாரியக் குடியிருப்பு. ஊரிலிருந்து அரிசியும் கருவாடும் போவதுபோல, பேரப்பிள்ளைகள் அழுது கேட்டதால் ஒரு பூனைக்குட்டியும் அட்டைப்பெட்டியில் போகிறது. மணலில் பிறந்த குட்டி, வழவழப்பான சிமென்ட் கைப்பிடிச் சுவரில் நடக்கப் பழகுகிறது. கீழே சிமென்ட் தரை, நிறுத்தி வைத்த பைக்குகள், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு.

ஒருநாள் அது விழுகிறது. வீட்டார் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார்கள். பூனை எழுந்து நிற்கிறது. நாலடி நடந்து பைக்குக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. கூடியவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: பூனைக்கு ஒண்ணும் ஆகாது, அது எங்கே விழுந்தாலும் நாலு காலில்தான் விழும். எல்லோருக்கும் நிம்மதி. பால் கிண்ணம் வைத்துவிட்டு மேலே போகிறார்கள். விடியும்போது பூனை செத்துக் கிடக்கிறது.

அந்த ஆறுதல் வார்த்தை பாதி உண்மை. உயரத்திலிருந்து விழும் பூனைகளுக்கு என்ன ஆகிறது என்பதை மருத்துவ உலகம் ஐம்பது ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறது. அது நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

நியூயார்க்கின் ஜன்னல்கள்

பூனைகள் மாடியிலிருந்து விழுவதற்கென்று தனியாக ஒரு மருத்துவப் பெயரே உண்டு. உயர்மாடி நோய்க்குறித் தொகுப்பு என்று தமிழில் சொல்லலாம். 1976-ல் நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டரைச் சேர்ந்த டாக்டர் கார்டன் ராபின்சன் அதைப் பற்றி எழுதினார். அடுக்குமாடிகளிலிருந்து விழுந்து வந்த பூனைகளிடம் மூன்று காயங்கள் சேர்ந்தே இருப்பதை அவர் கவனித்தார். மூக்கில் ரத்தம், வாயின் மேலண்ணம் நடுவில் பிளந்திருப்பது, நுரையீரலைச் சுற்றி நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்திருப்பது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பூனை எப்படி விழுந்தது என்பது புரிந்துவிடும். நாலு காலில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் வந்த வேகத்தை நாலு காலும் முழுசாகத் தாங்கவில்லை. கால்கள் மடங்கிய அடுத்த நொடியே நெஞ்சு தரையில் மோதுகிறது, கூடவே முகவாயும் மோதுகிறது. கீழ்த்தாடை மேல்நோக்கி இடிக்க, அண்ணம் பிளக்கிறது. நெஞ்சு அமுங்க, நுரையீரல் கன்றிப்போகிறது அல்லது கிழிகிறது. கிழிந்த இடத்திலிருந்து கசியும் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி நுரையீரலை விரிய விடாமல் அழுத்துகிறது. இதில் எதுவும் வெளியே தெரியாது. தோலில் ஒரு கீறல்கூட இருக்காது.

அதே மருத்துவமனையில் 1984-ல், ஜூன் முதல் நவம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. வெய்ன் விட்னி, செரில் மெல்ஹாஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் அவற்றின் விவரங்களைத் தொகுத்து 1987-ல் வெளியிட்டார்கள். பூனைகள் விழுந்த சராசரி உயரம் ஐந்தரை அடுக்குகள். அமெரிக்கர்கள் தரைத்தளத்தையும் ஒன்றாக எண்ணுவார்கள், ஆகவே நம் கணக்கில் நாலு, நாலரை மாடி. பத்தில் ஒன்பது பூனைகளுக்கு நெஞ்சில் அடி. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முகத்தில் அடி. பத்தில் நாலுக்கு ஏதோ ஒரு காலில் எலும்பு முறிவு. காலைவிட நெஞ்சில் அடிபட்டவைதான் இரு மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். நாம் பார்ப்பது காலை. உயிர் போவது நெஞ்சில்.

சிகிச்சை பெற்ற பூனைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பிழைத்தன. இந்த ஆய்வின் ஆகப் பெரிய செய்தி என்று நான் கருதுவது இதைத்தான். மருத்துவரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

உலகம் பேசியது வேறொன்றை. ஏழு அடுக்கு வரை உயரம் கூடக்கூடக் காயங்களும் கூடின, அதற்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயங்கள் குறைந்திருந்தன என்று அந்த ஆய்வு சொன்னது. 32 அடுக்கு உயரத்திலிருந்து காங்கிரீட் தரையில் விழுந்த ஒரு பூனை, பல் உடைந்து, நெஞ்சில் கொஞ்சம் காற்று புகுந்த நிலையில் வந்து, இரண்டு நாளில் வீடு திரும்பியது. இது போதாதா? அதிக உயரத்திலிருந்து விழுந்தால் பூனைக்கு நல்லது என்கிற அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது.

மருத்துவர்கள் சொன்ன விளக்கத்தில் சாரம் உண்டு. விழும் பொருளின் வேகம் முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகாது. காற்றின் தடை ஒரு கட்டத்தில் அதை நிறுத்தி வைக்கும். மனிதனுக்கு அந்த உச்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சிறிய உடலும் அடர்ந்த ரோமமும் கொண்ட பூனைக்கு அதில் பாதிதான், சுமார் 97 கிலோமீட்டர். அந்த வேகத்தை எட்டிய பிறகு பூனையின் உட்காது முடுக்கத்தை உணர்வதில்லை, விறைத்திருந்த கால்கள் தளர்ந்து பக்கவாட்டில் விரிகின்றன, மோதல் உடல் முழுக்கப் பரவுகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த பூனைகள் மட்டும். இருபதாம் மாடியிலிருந்து விழுந்து அந்த இடத்திலேயே செத்த பூனையை யார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்? வலையில் வந்த மீனை மட்டும் எண்ணிவிட்டு ஏரியில் இவ்வளவுதான் மீன் என்று சொன்னால் பழவேற்காட்டில் யாரும் ஏற்க மாட்டார்கள், கண்ணியில் தப்பியதை வலை சொல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு குரோவேஷியாவின் சாக்ரெப் நகரில் நடந்த ஆய்வும் அந்தக் கதைக்கு ஒத்துப்போகவில்லை. 1998 முதல் 2001 வரை மாடியிலிருந்து விழுந்த 119 பூனைகளைப் பற்றிய அந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஏழாவது மாடியோ அதற்கு மேலோ இருந்து விழுந்தவற்றுக்குத்தான் காயங்கள் கடுமையாக இருந்தன, நெஞ்சில் அடியும் அதிகம். உயரம் கூடினால் ஆபத்து குறையும் என்று நம்பி யாரும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம்.

அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. விழுந்தவற்றில் கிட்டத்தட்ட 60 சதவீதம் ஒரு வயதுகூட ஆகாதவை. அதாவது, பிள்ளைகளுக்காக ஊரிலிருந்து கொண்டுபோன குட்டிகளின் வயது. இரண்டாவது, பூனைகள் அதிகம் விழுந்தது வெயில் காலத்தில், ஜன்னல்கள் திறந்திருக்கும் மாதங்களில். சாக்ரெபிலும் நியூயார்க்கிலும் குளிர்காலம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். திருவொற்றியூரில் ஜன்னல் சாத்துகிற மாதம் எது? நமக்கு ஆண்டு முழுக்க அந்த ஆபத்து உண்டு.

ஒரு நொடிக்குள் ஒரு வித்தை

பூனை காற்றில் புரண்டு நிமிர்வது உண்மையிலேயே அற்புதம்தான். 1894-ல் எத்தியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, முதுகு கீழே இருக்கும்படி பிடித்துவிட்ட பூனை விழுவதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். பாரிஸ் அறிஞர்கள் குழம்பிப் போனார்கள். எதையும் உதைத்துத் தள்ளாமல் அந்தரத்தில் ஓர் உடல் எப்படித் தானாகத் திரும்ப முடியும்? பூனை தன் உடலை நடுவில் வளைத்து இரண்டு பாதியாக்கிக்கொள்கிறது என்பதுதான் பதில். முன்னங்கால்களை ஒடுக்கி முன்பாதியை விரைவாகத் திருப்புகிறது, அப்போது நீட்டியிருக்கும் பின்னங்கால்களால் பின்பாதி அதிகம் திரும்பாமல் நிற்கிறது. அடுத்து முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களை ஒடுக்கிப் பின்பாதியைத் திருப்புகிறது. தலை முதலில் திரும்பும். எந்தப் பக்கம் கீழே என்பதை உட்காதும் கண்ணும் சொல்லிவிடும். நன்றாக வளையும் முதுகெலும்பும், மற்ற எலும்புகளோடு இறுக்கமாகக் கோக்கப்படாத சின்னஞ்சிறு காறையெலும்பும் இதற்குத் துணை.

1969-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கேன், எம்.பி. ஷெர் என்ற இருவர் இதைக் கணிதச் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார்கள். எடையில்லாத வெளியில் மிதக்கும் விண்வெளி வீரர் பிடிமானம் ஏதுமின்றித் தன் உடலை எப்படித் திருப்பலாம் என்பதற்கும் அந்த ஆராய்ச்சி உதவியது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது அதிர்ச்சியில் படகுக்கு அடியில் ஓடி ஒளியும் பழவேற்காட்டுப் பூனைக்கு, விண்வெளி ஆராய்ச்சியில் தன் இனத்துக்கும் ஒரு பங்கு இருப்பது தெரியாது.

குட்டிகளுக்கு இந்த வித்தை மூன்று, நாலு வாரத்தில் அரும்பி, ஆறு ஏழு வாரத்தில் கைகூடும். ஆனால் அது திசையைத் திருத்துமே தவிர வேகத்தைக் குறைக்காது. நம் வீடுகளில் ஒரு மாடி ஏறக்குறைய பத்தடி. முதல் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து விழும் பூனை தரையைத் தொடும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியிருக்கும். மூன்றாம் மாடியென்றால் ஐம்பதை ஒட்டி வரும். தெருவில் அந்த வேகத்தில் வரும் பைக் ஒரு பூனையை இடித்தால் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பால் வைத்துவிட்டுத் தூங்குவோமா? தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் 18.3 மீட்டருக்கு மேற்பட்டதைத்தான் உயரமான கட்டடம் என்கின்றன. பூனைக்கு இரண்டாம் மாடியே உயரமான கட்டடம்.

இந்த நாலு கால் நம்பிக்கைக்கு இன்னொரு கொடிய பக்கமும் இருக்கிறது. விழுந்தால் நிற்குமா என்று பார்ப்பதற்காகவே குட்டியை மேலிருந்து போடும் சிறுவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு கடந்துபோவதையும் பார்க்கலாம். 2016 ஜூலையில் சென்னை குன்றத்தூர்ப் பக்கம் மருத்துவ மாணவர் ஒருவர் மாடியிலிருந்து ஒரு நாயை வீச, இன்னொருவர் அதை வீடியோ எடுத்தார். நாடே கொதித்தது. நாய் செத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, விலங்கு ஆர்வலர்கள் அதை உயிரோடு தேடிக் கண்டுபிடித்தார்கள். காலில் எலும்பு முறிவு, முதுகில் அடி. அதுவரை அந்த வலியோடு எங்கோ முடங்கிக் கிடந்திருக்கிறது. பத்ரா என்று பெயர் வைத்தார்கள். மாணவர்கள் இருவருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகம் தலா 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு உள்ள அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பது ஓரளவு ஆறுதல். பிள்ளைகளுக்குச் சட்டத்தைச் சொல்வதைவிட, அந்தக் குட்டியின் நெஞ்சுக்குள் என்ன கிழியும் என்பதைச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

எழுந்து நடந்தாலும்

பூனை வலியை மறைக்கும் பிராணி. அடிபட்டால் கத்தாது, இருட்டு மூலையைத் தேடி ஒடுங்கிவிடும். நாய்க்கும் பருந்துக்கும் பயந்து வாழ்ந்த இனத்தின் பழக்கம் அது. அதனால்தான் எழுந்து நடப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. கன்றிப்போன நுரையீரலின் நிலை அடுத்த பல மணி நேரத்துக்கு மோசமாகிக்கொண்டே போகலாம். உதரவிதானம் கிழிந்திருக்கலாம், மூத்திரப்பை உடைந்திருக்கலாம். அதெல்லாம் மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

நாய் வெயிலில் வாயைத் திறந்து இளைக்கும், அது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அது அவசரம். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கழுத்தை நீட்டி, முழங்கைகளை உடலிலிருந்து விலக்கிவைத்து, படுக்க மறுத்து உட்கார்ந்திருந்தால் அது மூச்சுக்குப் போராடுகிறது. மூக்கில் ரத்தம், எச்சிலில் ரத்தம், பின்னங்கால்களை இழுத்தல், ஒரு நாளாகச் சிறுநீர் போகாதது, எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். எதுவுமே தெரியாவிட்டாலும், மாடியிலிருந்து விழுந்தது என்ற ஒரே காரணத்துக்காக டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

தூக்கும்போது நெஞ்சை அமுக்கக் கூடாது. கைப்பிடியாகக் கழுத்தைப் பற்றித் தொங்கவிடவும் கூடாது. தடித்த துண்டையோ பலகையையோ மெதுவாக அடியில் நுழைத்து, அப்படியே ஒரு அட்டைப்பெட்டியிலோ மீன் வைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டிலோ இறக்குங்கள். மேலே துணியைப் போட்டு மூடினால் இருட்டில் அமைதியாகும், காற்று போக வழி இருக்கட்டும். அண்ணம் பிளந்திருக்கும் பூனைக்குப் பால் ஊற்றினால் அது மூக்கிலும் நுரையீரலிலும் ஏறும். அதனால் பால், தண்ணீர், மீன் எதுவும் டாக்டர் பார்க்கும் வரை வேண்டாம்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போட்டாலும் தகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். நமக்குக் காய்ச்சல் மாத்திரையாக இருப்பது பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் தன்மையை இழந்து, ஈறு பழுப்பாகி, ஒரே ஒரு மாத்திரையில் பூனை செத்துப்போகலாம். விழுந்ததில் பிழைத்திருக்க வேண்டிய பூனை மாத்திரையில் போவதைப்போல ஒரு கொடுமை இல்லை. ஐபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடாது.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் இருபது கிலோமீட்டர். எக்ஸ்ரே, ஆக்சிஜன், அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ இருப்பவர்களுக்கு அது எட்டும் தூரம்தான். 1962 என்ற தொலைபேசி எண்ணில் இயங்கும் தமிழக அரசின் கால்நடை அவசர ஊர்தி சேவை முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது. ஆனாலும் அழைத்தால் பக்கத்தில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அங்கே என்ன செய்வார்கள்? முதலில் மூச்சைச் சரிசெய்வார்கள், காலை அப்புறம்தான் பார்ப்பார்கள். காலுக்குக் கட்டுப் போடாமல் வைத்திருக்கிறார்களே என்று பதறுபவர்கள் உண்டு. பதற வேண்டாம், அந்த வரிசைதான் சரி. நெஞ்சில் தேங்கிய காற்றை ஊசி வழியாக உறிஞ்சி எடுத்தாலே பல பூனைகள் அங்கேயே சீராக மூச்சுவிடத் தொடங்கும். அண்ணத்தில் பிளவு சிறியதாக இருந்தால் தானே கூடிவிடும், பெரியதென்றால் தையல். எலும்பு முறிவுக்குக் கம்பியோ தகடோ வைத்த பிறகு பல வாரங்களுக்குக் கூண்டில் ஓய்வு. துள்ளித் திரியும் பிராணியை அப்படி அடைத்து வைப்பதுதான் வீட்டாருக்கு இருப்பதிலேயே கடினமான பகுதி. பாவம் என்று திறந்துவிட்டால் வைத்த கம்பி வளையும்.

வலை இருக்கிறதே

பூனைகள் ஏன் விழுகின்றன? உயரம் தெரியாமல் இல்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் புறாவின்மேல் கண் ஊன்றிவிட்டால் அதற்கு உலகத்தில் வேறெதுவும் தெரியாது. தூக்கத்தில் புரளும்போது விழுகிறது. தீபாவளி வெடிக்கு அரண்டு விழுகிறது. கருத்தடை செய்யாத பூனை துணை தேடி வெளியேறப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டைல்ஸ், அலுமினியச் சட்டம், பெயின்ட் அடித்த சிமென்ட் என்று நம் வீடுகளில் நகம் பதியாத பொருள்களே நிறைந்துவிட்டன. ஒருமுறை விழுந்து பிழைத்த பூனை இனி ஜாக்கிரதையாக இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே சுவரில் அடுத்த வாரமே ஏறும்.

ஜன்னலில்தான் கம்பி இருக்கிறதே என்பார்கள். திருடனுக்கு வைத்த கம்பி அது. பூனையின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். கொசுவலை போதுமா என்றால் ஒட்டும் பட்டையில் நிற்கும் வலை பூனையின் பாரத்துக்குப் பிய்ந்துகொண்டு, வலையோடு சேர்ந்தே விழும்.

இதற்குத் தேவை நல்ல வலை. சென்னை அடுக்குமாடிகளில் புறாவைத் தடுக்க நைலான் வலை கட்டும் தொழில் இப்போது பரபரப்பாக நடக்கிறது. பூனையைக் காக்கவும் அதே வலைதான். வலையின் தரத்தைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எந்த நூல் வெயிலில் இற்றுப்போகும், எந்த முடிச்சு நழுவும், ஓரக் கயிற்றை எத்தனை இடத்தில் பிணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். ஊரில் ஓரமாகக் கிடக்கும் பழைய வலையைப் பயன்படுத்துவதென்றால் ஒரு எச்சரிக்கை: மெல்லிய ஒற்றை இழைத் தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். அது பூனையின் கண்ணுக்குத் தெரியாது, காலில் சுற்றிக்கொண்டு தோலை அறுக்கும், கடித்து விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுக்கும். முறுக்கிய தடித்த நூலில் பின்னிய, சிறு கண்ணி வலைதான் சரி. குட்டி இருக்கும் வீட்டில் இரண்டு விரல் நுழையும் கண்ணிக்குமேல் கூடாது. சுவரில் கொக்கி அடித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, பூனையை விடுவதற்கு முன் உங்கள் முழங்கையால் அழுத்திப் பாருங்கள்.

தங்கூசியைப் பற்றிச் சொல்லும்போது ஊரில் இருக்கும் பூனைகளையும் விட்டுவிட மனம் வரவில்லை. அவை மாடியிலிருந்து விழாமல் இருக்கலாம். இரையோடு கிடக்கும் தூண்டில் முள்ளை விழுங்குவது அங்கே நடக்கிறது. வாயிலிருந்து நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே முள் குத்தியிருந்தால் தொண்டையோ குடலோ கிழியும். நூலை வெட்டி எறியவும் வேண்டாம், டாக்டருக்கு அது ஒரு அடையாளம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். கரையில் அறுந்து கிடக்கும் நூலையும் முள்ளையும் ஒரு டப்பாவில் போட்டு மூடுவது பூனைக்கும் நல்லது, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கும் நல்லது, ஏரிக்கு வரும் பறவைகளுக்கும் நல்லது.

குடியிருப்பு சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தின் முகப்பு அழகு கெடுகிறது என்று பால்கனி வலைக்குத் தடை போடாதீர்கள். அந்த வலை பூனையை மட்டுமா காக்கிறது? தவழும் குழந்தையையும் காக்கும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் புதிய அடுக்குமாடிகளைக் கட்டும்போதே பால்கனியிலும் மாடிப்படி ஜன்னலிலும் வலை கட்டக் கொக்கிகளைப் பதித்துத் தரலாம். பெரிய செலவு ஆகாது. கடற்கரைக் குப்பத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஏற்றப்படும் குடும்பங்களிடம் பூனை இருக்கும் என்பது வாரியத்துக்குத் தெரியாத செய்தியா? வலை கட்டத் தெரிந்த கைகளும் அதே குடும்பங்களில்தான் இருக்கின்றன. அந்த வேலையை அவர்களுக்கே கூலி கொடுத்துச் செய்யச் சொன்னால், ஏரி கொடுக்காத நாளில் ஒரு வருமானமும் ஆகும்.

மாடியில் பூனை வளர்ப்பவர்கள் இன்று மாலையே வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். மூன்று விரல் சேர்ந்து நுழையும் இடைவெளி எங்கே இருந்தாலும் அடைத்துவிடுங்கள். வலை கட்டி முடியும் வரை பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். விழுந்த பூனை எழுந்து நடந்தாலும், அன்றைக்கே, அந்த மணியிலேயே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.